வாய்க்காலில் விழுந்த இரண்டு சேலைகள்

போன வாரம் கும்பகோணத்தில் ஒரு இஸ்திரிக் கடையைக் கடந்தபோது, சூடான பெட்டிக்கடியில் கஞ்சிச் சேலை பொசுங்குகிற வாசம் வந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தெருவில் தனியாகச் சிரிக்கும் பெண்ணைப் பார்த்தால் உங்களுக்கு என்ன தோன்றுமோ, அதுதான் கடைக்காரருக்கும் தோன்றியிருக்கும்.

பல வருஷங்களுக்கு முன்பு, நான் சீர்காழிப் பக்கம் வேளாண்மை அலுவலகத்தில் சேர்ந்த புதிது. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. என்னோடு சேர்ந்தவள் ரஹ்மத், முத்துப்பேட்டைக்காரி. எங்கள் மேலதிகாரி அம்மாவுக்குப் பெண் என்றால் சேலை; அதுவும் தகடு மாதிரி விறைத்து நிற்கிற கஞ்சிச் சேலை. அதைக் கட்டிக்கொண்டுதான் வரப்பில் நடப்போம், கல்யாணத்துக்குப் போகிறவர்களைப் போல.

ஒருநாள் நடவு பார்க்கப் போனோம். வாய்க்காலுக்குக் குறுக்கே தென்னை மரத்துண்டுதான் பாலம். பாதியில் என் கொசுவத்தை நானே மிதித்தேன். தடுமாறி ரஹ்மத்தின் முந்தானையைப் பிடித்தேன். அவள் திட்ட வாயைத் திறப்பதற்குள் இருவரும் தண்ணீரில் கிடந்தோம்.

நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நாற்றைப் போட்டுவிட்டுச் சிரித்தார்கள். சேலைக்கு மேல் புருஷனின் முழுக்கைச் சட்டையை மாட்டியிருந்த செல்வி அக்காதான் எங்களைக் கரையேற்றினார்.

"இதக் கட்டிக்கிட்டு வயலுக்கு வரச் சொன்னது யாரு? வீட்டுக்கு வாங்க, எம் பொண்ணு சுடிதாரு தர்றேன்."

அந்தச் சுடிதார் எனக்கு இடுப்பில் இறுகியது; ரஹ்மத்துக்குக் கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிட்டது. ஆனால் திரும்பும்போது அதே மரத்துண்டில் அவள் ஓடினாள். "ஏய், எனக்குக் காலு இருக்குடி!" என்று கத்தினாள்.

அலுவலகத்தில் மேலதிகாரி அம்மா எங்களை மேலும் கீழும் பார்த்தார். "நாளைக்கு ரெண்டு பேரும் சேலையில வரணும்." வேலை போயிற்று என்றே நினைத்தேன். ரஹ்மத்தான் வாயைத் திறந்தாள்.

"வர்றோம் மேடம். நீங்களும் ஒருவாட்டி எங்ககூட வயலுக்கு வாங்க."

வந்தார். மரத்துண்டின் நடுவில் நின்றுகொண்டு, முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் வர முடியாமல், "யாராவது கையக் குடுங்கடி!" என்று அலறினார். விழவில்லை. விழுந்திருக்கலாம் என்று எங்களுக்கு ஒரு சின்ன ஆசை.

அடுத்த திங்கட்கிழமை அரக்குச் சுடிதாரில் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். நாங்கள் கோப்புகளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டோம்.

"சிரிக்கிறதா இருந்தா சத்தமாச் சிரிங்க" என்றார். சிரித்தோம். அவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

ரஹ்மத் இப்போது துபாயில். சீர்காழிப் பக்கத்துப் பெண் அதிகாரிகள் பேன்ட் சட்டையில் ஸ்கூட்டரில் வந்து இறங்குகிறார்கள். யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இந்தக் கதையைச் சொன்னால் என் மகள் புரியாமல் விழிக்கிறாள்.

"சுடிதார் போட்டதுக்காம்மா இவ்ளோ சிரிச்சீங்க?"

"ஆமாண்டி" என்கிறேன். அந்தச் சிரிப்பை மட்டும் அவளுக்கு எப்படிக் காட்டுவது என்று தெரியவில்லை.