தலைவரம்மா தூங்கிய பஸ்

போன திங்கட்கிழமை, காலை 6.40-க்குக் கிளம்ப வேண்டிய எங்கள் ஊர் பஸ் 6.46-க்குக் கிளம்பியது. ஆறு நிமிடம்தான்... ஆனாலும் குறித்துக்கொண்டேன். எதையும் மணி, நிமிடத்தோடு நோட்டில் ஏற்றி வைப்பது என் வியாதி என்பது உங்களுக்குத் தெரிந்ததுதானே?

கொல்லிமலையில், திருப்புலி நாடு என்கிற பகுதியின் ஒரு கோடியில் கிளம்பி, எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி டவுனுக்குப் போகிற பஸ் அது. சாயங்காலம் அதே பஸ்தான் திரும்பி வரும். விட்டால் நடைதான்.

டிரைவருக்குப் பின்னால் ஜன்னலோர சீட்டில் ஊராட்சித் தலைவர் வெள்ளையம்மா. திங்கட்கிழமையன்று அந்த சீட்டில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள். அவர் மனுக்களோடு கீழே ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கும் நாள் அது. வழி நெடுக ஜன்னலுக்குள் காகிதம் நீளும். "தெரு லைட்டு எரியலீங்க தலைவரம்மா!" "மோட்டாரு மறுபடியும் புகைஞ்சு போச்சுங்க!" எல்லாவற்றையும் வாங்கி மடியில் அடுக்கிக்கொள்வார். எங்கள் ஊராட்சியின் நிர்வாகம் பாதிக்கு மேல் இந்த ஜன்னலில்தான் நடக்கிறது.

ஆனால் அன்றைக்கு அவர் போனது ஒரே ஒரு வேலைக்காக. இந்த பஸ்ஸையே நிறுத்தப் போகிறார்கள்!

'போதிய பயணிகள் இல்லை' என்று டெப்போவில் எழுதிவிட்டார்களாம். இனி எங்கள் ஊருக்குள் வராமல் மெயின் ரோட்டோடு திரும்பிவிடும். "ஒன்பதரைக்குள் வந்தால் பேசலாம். பத்து மணிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு நான் வெளியூர் கிளம்புகிறேன்" என்று மேனேஜர் போனில் சொல்லியிருந்தார். பஸ் நின்றால், மலைக்குக் கீழே காளப்பநாயக்கன்பட்டி பள்ளிக்குப் போகும் ஒன்பது பெண்களும் வீட்டோடு நின்றுவிடுவார்கள். வெள்ளையம்மா எட்டாவதோடு நின்றவர். அவர் காலத்தில் பஸ்ஸே கிடையாது.

முந்தின நாள் முழுக்க நான்கு ஊர் நடந்து கையெழுத்து வாங்கியிருந்தார். அன்று விடியற்காலையில் மரவள்ளிக் காட்டிலும் வேலை. வளைவுகளுக்கு அடிவாரத்திலிருந்துதான் எண்; இறங்கும்போது எழுபதில் தொடங்கும். அறுபத்தெட்டாவது வளைவில் பஸ் பனிக்குள் நுழைந்தது. ஜன்னலுக்கு வெளியே மலையும் இல்லை, பள்ளமும் இல்லை. வெள்ளை மட்டும். அடுத்த வளைவில் தலைவர் தூங்கிவிட்டார்.

அதன் பிறகு நடந்ததை எப்படிச் சொல்வது?

கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துப் பையில் போட்டார். அன்னாசி மூட்டையோடு பின்னால் இருந்த சின்னப்பொண்ணு எழுந்து முன்னால் வந்தார்.

"மாணிக்கண்ணா, வளைவுல தூக்கிப் போடாம போங்க. பாவம், கொழந்தையாட்டம் தூங்குது."

"நான் என்ன பஸ்ஸா ஓட்டுறேன்? தொட்டிலு ஆட்டுறேன் தாயி" என்றார் டிரைவர், கிசுகிசுப்பாக.

ஒவ்வொரு வளைவிலும் பஸ் ஏறக்குறைய நின்று, யோசித்து, மெல்லத் திரும்பியது. யாரோ இருமலை முந்தானையில் அடக்கினார்கள். பனிக்குள் சில்வர் ஓக் மரங்கள் ஒவ்வொன்றாக வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயின. நாற்பதாவது வளைவைத் தாண்டும்போது, பஸ் இறங்குகிறதா மிதக்கிறதா என்று எனக்கே சந்தேகம்.

நோட்டைப் பார்த்தேன். நாற்பது நிமிடம் தாமதம்! நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னேனா? இல்லை... எனக்கும் அந்த மௌனத்தை உடைக்க மனம் வரவில்லை. நேரத்தைக் குறிக்கத் தெரிந்தவனுக்குத் தக்க நேரத்தில் வாயைத் திறக்கத் தெரிய வேண்டாமா?

காளப்பநாயக்கன்பட்டியில் ஒன்பது பெண்களும் கொலுசைக் கையால் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். மிளகு வியாபாரி பாய் ஏறினார். அவருக்கு விஷயம் தெரியாது. குரலும் பெரிய குரல்.

"ஏனுங்க தலைவரம்மா! ஒம்பதரைக்கு டெப்போன்னீங்க, இன்னும் இங்கயே இருக்கீங்க?"

வெள்ளையம்மா விழித்தார். பக்கத்தில் இருந்த என் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி 9.24. டவுனுக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. அவர் முகம் போன போக்கை நான் நோட்டில் எழுதவில்லை.

"ஏன் கண்ணு, ஒருத்தர்கூட எழுப்பலையா?"

பஸ்ஸில் அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள்.

டெப்போ வாசலில் இறங்கியபோது 9.56. வெள்ளையம்மா ஓடினார். பின்னாலேயே சின்னப்பொண்ணு, பாய், நான்... மூட்டை முடிச்சோடு மொத்த பஸ்ஸும் ஓடியது. டிரைவர் மாணிக்கம் மட்டும் வண்டியில் ஏதோ ரிப்பேர் பார்ப்பது போல் குனிந்துகொண்டார்.

மேனேஜர் பேனாவோடு நிமிர்ந்தார். வெள்ளையம்மா வாயைத் திறப்பதற்குள் சின்னப்பொண்ணு முந்திக்கொண்டார்.

"சார், தலைவரம்மா மேல தப்பில்லீங்க. நாங்கதான் எழுப்பாம உட்டுட்டோம். அதைச் சொல்லத்தான் வந்தோமுங்க."

"நீங்கள்லாம் யாரு?"

"பஸ்ல வந்தவங்க."

"எந்த பஸ்?"

"நீங்க நிறுத்தப் போறீங்களாமே... அந்த பஸ்தானுங்க."

மேனேஜர் அறையைப் பார்த்தார். அறை நிறைந்து, வராந்தா நிறைந்து, ஜன்னலிலும் நான்கு தலைகள். பேனாவை மூடினார். "சரி, நிறுத்தல. மூணு மாசம் ஓட்டிப் பார்ப்போம்" என்றார்.

பதவியில் இருப்பவர் தூங்கினால் நமக்குக் கோபம் வரும். நியாயம்தான். இங்கே ஒரு பஸ் ஜனம் சேர்ந்து ஒரு தலைவரைத் தூங்க வைத்தது. ஓட்டு எண்ணிய நாளில்கூட இவ்வளவு தெளிவான முடிவை நான் பார்த்ததில்லை.

கிளம்பும்போது மேனேஜர் கொஞ்சம் முறைப்பாகவே சொன்னார்: "ஆனாலும் தலைவரே, இப்படி ஆளைத் திரட்டிக்கிட்டு வந்து மிரட்டுறது நல்லால்ல."

வெள்ளையம்மா கும்பிட்டார்.

"நான் எங்கீங்க திரட்டுனேன்? நான் தூங்கிட்டில்ல இருந்தேன்!"