என் மூக்கும் பக்கத்து சீட்டு அம்மாவும்

திருவான்மியூரில் பஸ் ஏறியதிலிருந்தே பக்கத்து சீட்டு அம்மா என் மூக்கைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார். மஞ்சள் பூசிய வழுவழுப்பான முகம். பேசும்போதுகூட அவர் பார்வை என் கண்ணுக்கு ஏறவில்லை.

"இன்னாம்மா, மூக்கு மேல இவ்ளோ அழுக்கு கீது?"

"அழுக்கு இல்லீங்க, கரும்புள்ளி. எண்ணெயும் செத்த தோலும் தோல்ல இருக்கிற சின்னத் துளையில அடைச்சுக்கிட்டு, காத்து பட்டுக் கறுத்துடுது. டாக்டர் மருந்து குடுத்திருக்காங்க. மெதுவாத்தான் போகும், கிள்ளக் கூடாதாம்."

"டாக்டருக்கு இன்னா தெரியும்? ஆடாம இரு."

நான் விலகுவதற்குள் அவர் நகம் மூக்கில் பதிந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் முட்டியது.

"என்னங்க இது! தி.நகர்ல எனக்கு இன்டர்வியூ இருக்கு!" என்று கத்தினேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. விரலை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். "பாரு, ஒண்ணு வந்துச்சு. என் பொண்ணா இருந்தா வுட்டுடுவேனா?"

சைதாப்பேட்டையில் இறங்கிப் போய்விட்டார். நான் சிவந்து வீங்கிய மூக்கோடு இன்டர்வியூவில் உட்கார்ந்து, சளியா என்று கேட்டவர்களிடம் ஆமாம் என்றேன். வேலை கிடைக்கவில்லை. அந்த அம்மாவை வாய் வலிக்கத் திட்டினேன்.

ஒன்று மட்டும் இன்னும் விளங்கவில்லை. இறங்குவதற்கு முன், "இன்னொண்ணு கீது" என்று அவர் மறுபடி கை நீட்டியபோது, நானாகவே ஏன் முகத்தைக் காட்டினேன்?