படுக்க வைத்த ஆந்தை

கெல்லிவில்லில் எங்கள் வீட்டுப் பின்வேலிக்கு அப்பால் ஒரு ஓடை. ஓடையோரம் வயதான யூகலிப்டஸ் மரம் ஒன்று. அதன் பொந்தில், ஆஸ்திரேலிய ஆந்தைகளிலேயே பெரிய இனத்தில் ஒரு ஜோடி குடியிருந்தது. பட்டப்பகலில் அதில் ஒன்று கிளையில் உட்கார்ந்திருக்கும். காலில், மரத்தில் வாழும் பூனையளவு விலங்கான பாஸம் ஒன்று தலையில்லாமல் தொங்கும். பாதி தின்றுவிட்டு மீதியைப் பகல் முழுக்க விடாமல் பிடித்திருப்பது அதன் பழக்கமாம். நான் துணி காயப்போடும்போது குனிந்து பார்க்கும். நான் பார்வையை எடுத்த பிறகும் பார்க்கும். பயம்தான். ஆனால் அந்தப் பயம் எனக்குப் பிடித்திருந்தது.

பொழுது சாய்ந்ததும் ஆண் இரண்டு தடவை அழுத்திக் கூப்பிடும். பெண் சற்று மெல்லிய குரலில் பதில் சொல்லும். அதைக் கேட்டுவிட்டுத்தான் விளக்கேற்றுவேன்.

நடைபாதை போட அந்த மரத்தை வெட்டப்போவதாக கவுன்சிலிலிருந்து கடிதம் வந்தது. அருகிவரும் இனமய்யா இது, பொந்துள்ள மரத்துக்கு எங்கே போகும் என்று பக்கம் பக்கமாக எழுதினேன். நன்றி என்று ஒரு வரி பதில் வந்தது. கோபம் வந்தால் என் கை சும்மா இருக்காது. அந்த வருஷக் கொலுவில் தசாவதாரத்துக்கு லீவு கொடுத்தேன். படி முழுக்க இந்த மண்ணில் அழிந்துகொண்டிருக்கும் தவளை, நத்தை, கறுப்புக் காக்கட்டூ கிளி. பழைய பேப்பரை ஊறவைத்து, வெந்தயத்தோடு சேர்த்து அரைத்த கூழில் எல்லாம் நானே செய்தேன். ஆந்தையை மட்டும் நிஜ அளவிலேயே செய்து, கண் வரையாமல் விட்டேன். மரம் பிழைத்தால் கண் திறக்கிறேன் என்று வேண்டுதல்.

கராஜில் காயவைத்த பொம்மைகளை, வெந்தய வாசனைக்கு எலி தேடி வந்தது. ஒரு காலையில் ஆந்தையின் கால்விரல் இரண்டைக் காணோம். எனக்கு வந்த ஆத்திரத்தில் எலிமருந்து வாங்கி மூலைக்கு மூலை வைத்தேன். இரண்டே வாரத்தில் எலித் தொல்லை ஒழிந்தது.

கொலு பார்க்க வந்தவர்களிடம், மரத்தைக் காப்பாற்றச் சொல்லும் மனுவை நீட்டினேன். "கையெழுத்துப் போட்டாத்தான் இவ சுண்டல் தருவா" என்று கணவர் கிண்டலடித்தார். அடுத்த தெரு யாழ்ப்பாணத்து அன்ரி ஆந்தைக்கு எதிரே கதிரையில் உட்கார மாட்டேன் என்றார்.

"உதென்ன பிள்ளை, கண்ணே இல்லை, ஆனா என்னையே பாக்குது."

கையெழுத்து மட்டும் முதல் ஆளாகப் போட்டார்.

விஜயதசமியன்று மதியம் மின்னஞ்சல் வந்தது. பாதையை வளைத்துக்கொள்கிறார்களாம், மரம் நிற்குமாம். அழுதேவிட்டேன். மஞ்சள் குழைத்து ஆந்தைக்குக் கண் திறந்தேன். மாலையில் கொலு முடிந்ததற்கு அடையாளமாக ஒரு பொம்மையைப் படுக்க வைக்க வேண்டும். கைக்கு எட்டியது ஆந்தைதான்.

"கண் திறந்த அண்டைக்கே படுக்க வைக்கிறதோ?" என்றார் அன்ரி.

நான் சிரித்தேன். பொம்மை மல்லாந்து கூரையைப் பார்த்தபடி கிடந்தது. அன்று ஓடைப் பக்கமிருந்து பதில் குரல் வரவில்லை. சந்தோஷத்தில் நான் அதைக் கவனிக்கவில்லை.

மறுநாள் காலை மரத்தடியில் பெண் ஆந்தை மல்லாந்து கிடந்தது. மஞ்சள் கண் திறந்தே இருந்தது. உடம்பில் ஒரு காயமில்லை. நான் வீட்டுக்குள் ஓடிப் பொம்மையை நிமிர்த்தி வைத்தேன். படித்தவள் செய்கிற காரியமா? ஆனாலும் செய்தேன்.

காட்டுயிர்களை மீட்கும் தன்னார்வலர் ஒருவர் வந்து அலகோரத்து ரத்தத்தைப் பார்த்தார். எலிமருந்து தின்ற எலியையோ பாஸத்தையோ இது தின்றிருக்கும், உள்ளுக்குள்ளேயே ரத்தம் கசிந்திருக்கும் என்றார். பிறகு பரிசோதனையும் அதையே சொன்னது. இந்தத் தெருவில் யார் வைத்தார்களோ என்று அவர் அலுத்துக்கொண்டபோது நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

நான் வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் மருந்தாளுநர். ரத்தம் உறையாதிருக்க மாத்திரை கொடுத்து, ஈறில் ரத்தம் கசிந்தால் உடனே வாருங்கள் என்று தினமும் சொல்கிறவள். எலிமருந்தும் அதே வேலையைத்தான் செய்கிறது. பெட்டியில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டுத்தான் வைத்தேன். வேலியே பயிரை மேய்ந்த கதை. அன்ரி சொன்ன சகுனம்தான் காரணம் என்று நம்ப எவ்வளவோ ஆசைப்பட்டேன். சகுனமென்றால் யாரும் பொறுப்பேற்க வேண்டாமே.

இந்த வருஷக் கொலுவில் முதல் நாளே ஆந்தையைப் படுக்க வைத்தேன். பக்கத்தில் அந்த எலிமருந்துப் பெட்டி.

அன்ரி குனிந்து பார்த்தார். "ஓ, உதாலதானோ செத்தது? ஆர் பிள்ளை வைச்சது?"

"நான்தான் அன்ரி. இந்தப் பொம்மைகளை எலி கடிக்கக்கூடாதுன்னு வெச்சேன்."

அன்ரி சுண்டல் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "எங்கட கராஜிலயும் ரெண்டு பெட்டி கிடக்கு. போய் எடுத்துக்கொண்டு வாறன்."

அவர் வாசலில் செருப்பை மாட்டும்போது ஓடைப் பக்கமிருந்து ஆண் ஆந்தை இரண்டு தடவை கூப்பிட்டது. பதிலைக் கேட்க அன்ரி அப்படியே நின்றார். நான் உள்ளே போய் விளக்கை ஏற்றினேன்.