ஐப்பசிப் பாவும் ஒரு தரவுத்தள எஞ்சினும்

தம்பி மகளுக்குத் தை மாதம் கல்யாணம் என்று முடிவானதும், முகூர்த்தப் புடவையைத் தானே நெய்யப் போவதாகத் தம்பி சொல்லிவிட்டான். ஊரார் வீட்டுப் பெண்களுக்கெல்லாம் நெய்து கொடுத்தவன். அவனுக்கு ஒரே பெண். சொந்தப் பெண்ணுக்கு நெய்வது இது ஒன்றுதான். அவள் கேட்ட அரக்கு நிறம் சரியாக வர, பட்டு நூலை இரண்டாம் முறையும் சாயத்தில் முக்க வேண்டியிருந்தது. கைக்கு வந்து சேர்ந்தபோது ஐப்பசி பிறந்துவிட்டது.

புடவையின் நீள இழைகளைத்தான் பாவு என்கிறோம். அதைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அறுந்த இழைகளை முடிந்து, கஞ்சி தெளித்து, இளவெயிலில் காயவிட்டுச் சுற்றி எடுத்தால்தான் தறியில் ஏற்ற முடியும். பாவு ஆற்றுவது என்று அதற்குப் பெயர். கஞ்சி ஈரமாக இருக்கும்போது மழை பிடித்தால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கயிறாகிவிடும். அப்புறம் அது எதற்கும் ஆகாது. தம்பியிடம் அந்த அரக்கில் இன்னொரு பாவுக்குப் பட்டு இல்லை. மறுபடி சாயமேற்றி, நெய்து முடிக்கத் தைக்குள் நாளும் இல்லை. ஒரு காலை தப்பினால் பெண் கடைப் புடவை கட்டிக்கொண்டுதான் மணையில் உட்கார வேண்டும்.

"அக்கா, நீதான் மழைய எழுதிக்கினே இருக்கியே, எந்தக் காலையில போடலாம்னு சொல்லேன்" என்றான்.

"மழை எப்ப வந்துச்சுன்னு எழுதறேன்பா. எப்ப வரும்னு எழுதல."

"போன்ல பாத்தா தெனமும் மேகத்துக்குக் கீழ மூணு சொட்டு போட்டுக் காட்டுது. நீயும் கைய விரிச்சா எப்படி? இத்தினி வருசமா இன்னாத்துக்குத்தான் எழுதினே?"

கேலியாகத்தான் கேட்டான். ஆனால் எனக்கு உறைத்தது.

எங்கள் வீட்டில் தறியை விட்டு வெளியே போன முதல் ஆள் நான். தொலைபேசி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். தேதி என்றால் எனக்குப் பித்து. எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் முதலில் காலவரிசை அட்டவணை இருக்கிறதா என்று பின்பக்கம் புரட்டுவேன். மொட்டைமாடியில் ஒரு மழைமானி வைத்து, நாளுக்கு ஒரு வரி எழுதி வருகிறேன்: மழை எவ்வளவு, காலையில் தெருவில் பாவு போட்டார்களா, போட்டது காய்ந்ததா, மழைக்குப் பயந்து பாதியில் தூக்கினார்களா. பாவைப் பற்றி எழுத ஆரம்பித்ததற்குப் பெரிய காரணம் ஏதுமில்லை. என் ஜன்னல் அந்தத் தெருவைப் பார்த்து இருந்தது. அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்த பிறகு பழையதையெல்லாம் தட்டச்சு செய்து ஒரே கோப்பாக்கி வைத்திருந்தேன்.

என் மழைமானிக்குக் காற்று தெரியாது, மணி தெரியாது. ஆனால் ஊருக்கு வெளியே நிற்கும் தானியங்கி வானிலை நிலையத்தின் பதிவுகளை யார் வேண்டுமானாலும் இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம். கால் மணிக்கு ஒரு வரி, வருஷக்கணக்கில். மழை, காற்றின் திசை, வேகம், ஈரப்பதம், இன்னும் எனக்கு அர்த்தம் பிடிபடாத பல. என் வரிகளையும் அதன் வரிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பாவு தூக்கிய காலைகளில் வானம் என்ன செய்துகொண்டிருந்தது என்று தெரியலாம். விரிதாளில் திறக்கப் பார்த்தேன். லேப்டாப் மூச்சு வாங்கியது. பிறகு, இடம் போதாததால் மீதி வரிகளை விட்டுவிட்டதாக ஒரு செய்தி காட்டியது.

அப்போதுதான், எங்கோ படித்துக் குறித்து வைத்திருந்த அந்தத் திறமூலத் தரவுத்தள எஞ்சின் நினைவுக்கு வந்தது. குவிந்து கிடக்கும் பதிவுகளை அலசுவதற்கென்றே எழுதப்பட்டது, காசில்லை. இறக்கிய கோப்பு, போனில் வரும் ஒரு பாட்டு வீடியோ அளவுகூட இல்லை. ஃபில்டரில் டிகாக்‌ஷன் இறங்குவதற்குள் தயாராகிவிட்டது. சர்வர் வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம், யாருடைய அனுமதியும் வேண்டாம். கோப்புகள் இருக்கும் இடத்தைக் காட்டி, மழையை நாள்வாரியாகக் கூட்டித் தா என்று ஒரு வினா எழுதி எண்டரைத் தட்டினேன். விரலை எடுப்பதற்குள் விடை வந்து நின்றது.

ஏதோ பிழை என்றே நினைத்தேன். மறுபடி தட்டினேன். அதே விடை, அதே வேகம். ஒரு மாதத்தை மட்டும் எடுத்துக் கால்குலேட்டரில் கூட்டிப் பார்த்தேன். காபி ஆறியதுதான் மிச்சம். தொகை சரியாக இருந்தது. அலுவலகத்தில் மாதக் கடைசி அறிக்கைக்கென்று குளிரூட்டிய ஒரு கம்ப்யூட்டர் அறை உண்டு. செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். காலையில் ஓடவிட்டால் சாப்பாட்டு நேரம் தாண்டித்தான் அறிக்கை வரும். அதைக் காத்து நின்று பழகியவள் நான். இப்போது சமையலறை மேஜையில், கீரை ஆய்ந்த தட்டுக்குப் பக்கத்தில், அதைவிடப் பெரிய வேலை கண்ணிமைக்கும் நேரத்தில் நடந்துவிட்டது. கை கூப்பத் தோன்றியது.

ஏன் இந்த வேகம் என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்காது. ஆவணங்களைப் படித்தேன், ஆவணம் மேற்கோள் காட்டிய கட்டுரைகளைப் படித்தேன், கடைசியில் மூல நிரலையே திறந்தேன். பாதி புரியவில்லை. புரிந்தது இதுதான். எங்கள் தொலைபேசித் தரவுத்தளத்தில் ஒரு சந்தாதாரரின் பெயர், விலாசம், பாக்கி எல்லாம் ஒரே வரியில் சேர்ந்து கிடக்கும். ஒருவர் கூப்பிட்டால் அவருடையது முழுவதும் வேண்டும் என்பதால் அது சரி. ஆனால் இத்தனை வருஷத்து மழையைக் கேட்பவளுக்கு ஈரப்பதம் எதற்கு? இந்த எஞ்சின் பதிவுகளைத் தன் சொந்த வடிவத்தில் சேமிக்கும்போது, மழைக்கொரு பத்தி, காற்றுக்கொரு பத்தி என்று மேலிருந்து கீழாக ஒவ்வொன்றையும் தனியே வைக்கிறது. கேட்ட பத்தியைத் தவிர மற்றதைத் தொடுவதே இல்லை. பத்தியையும் துண்டு துண்டாக வைத்து, ஒவ்வொரு துண்டின் மிகச் சிறிய மதிப்பையும் மிகப் பெரிய மதிப்பையும் குறித்துக்கொள்கிறது. ஐப்பசியைக் கேட்டால் ஆடிமாதத் துண்டைத் திறக்காமலே தாண்டிவிடும்.

தம்பியிடம் சொன்னேன். "நீள நீளமா தனித்தனியா வைக்குதா? பாவுதானே அது!" என்றான்.

"எல்லாத்தையும் தறியில கொண்டாந்து கட்டாதே."

நிரலைவிட, நிரலைப் பற்றி அதை எழுதியவர்கள் இணையத்தில் பேசிக்கொண்டதுதான் என்னை அதிகம் கட்டிப்போட்டது. ஒரே ஒரு வரியை எப்படி எழுதுவது என்று வெவ்வேறு தேசத்துக்காரர்கள் நாள்கணக்கில் வாதாடியிருக்கிறார்கள். ஒருவர் தவறு என்கிறார், இன்னொருவர் சோதித்துவிட்டு ஆமாம் என்கிறார், மூன்றாமவர் நன்றி சொல்லித் திருத்துகிறார். எல்லாம் வெட்டவெளியில் கிடக்கிறது. அவர்களில் யாருக்கும் காஞ்சிபுரம் என்று ஓர் ஊர் இருப்பது தெரிந்திருக்க நியாயமில்லை. இருந்தும் அவர்கள் தேய்த்துத் தேய்த்துக் கூராக்கிய கருவி என் தம்பியின் பாவுக்காக ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு என் வரிகளை நிலையத்தின் வரிகளோடு தேதிப்படி ஒட்டிப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை பலத்த மழை என்கிறது என் கோப்பு. செவ்வாய் சொட்டுகூட இல்லை, புதன்தான் கொட்டியது என்கிறது நிலையம். இப்படிப் பல நாட்கள். மற்ற நாட்கள் கச்சிதமாகப் பொருந்தின. அதுதான் இன்னும் மோசம். எல்லாமே ஒரு நாள் தள்ளியிருந்தால் நகர்த்தி வைத்துக்கொள்ளலாம். அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தவறியிருந்தால், எதை நம்புவது? மழையின் நாளே சரியில்லாதவள் எழுதிய பாவின் நாளை வைத்து, இந்தக் காலையில் போடு என்று தம்பியிடம் எந்த வாயால் சொல்வேன்?

அந்த வாரம் ஒரகடத்தில் வேலை பார்க்கும் மணப்பெண் லீவில் வந்திருந்தாள். மாப்பிள்ளை வீடு திருப்புட்குழி. அவர்கள் ஜாதகத்தின் நகலை இன்னொரு முறை கேட்டிருந்தார்கள். அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"அத்தை, பர்த் சர்டிபிகேட்ல இருக்கிற தேதி புதன்கிழமை வருது. ஜாதகத்துல செவ்வாய்க்கிழமைன்னு இருக்குது. நான் எப்பத்தான் பொறந்தேன்?"

அவள் அம்மா அடுப்பிலிருந்து திரும்பாமலே பதில் சொன்னாள். "ராத்திரி மூணு மணிக்கு என் உசுர வாங்கினு பொறந்த. பொழுது விடியலன்னா அது செவ்வாக்கெழமதான்டி. ஆஸ்பத்திரிக்காரனுக்குத்தான் நடுராத்திரியிலயே விடிஞ்சிடும்."

நான் தம்ளரைக் கீழே வைத்தேன். என் மழையும் அப்படித்தான். காலையில் எழுந்து, மானியில் சேர்ந்திருப்பதை அளந்து, அதை முந்தைய நாளின் வரியில் எழுதுவேன். ராத்திரி பெய்தது அந்த ராத்திரிக்குரிய நாளின் மழை. அடுத்த நாள் உதயத்தில்தான் பிறக்கிறது. அப்படி எழுத வேண்டும் என்று நான் தீர்மானித்ததே இல்லை. வேறு விதமாக எழுதலாம் என்று தோன்றியதும் இல்லை. நிலையத்தின் கடிகாரமோ நள்ளிரவில் நாளை மாற்றிவிடுகிறது. நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவே பெய்த மழை மட்டும்தான் இரண்டிலும் வேறு வேறு நாளில் உட்கார்ந்திருந்தது.

பஞ்சாங்கத்திலிருந்து உதய நேரங்களை ஏற்கனவே தட்டச்சு செய்து வைத்திருந்தேன். நிலையத்தின் கால் மணிப் பதிவு ஒவ்வொன்றையும் அதற்கு முன் வந்த கடைசி உதயத்தோடு சேர்க்க வேண்டும். உதயமோ தினமும் கொஞ்சம் நகரும். இதைச் சொல்லிப் புரியவைக்கப் பக்கம் பக்கமாக எழுத வேண்டியிருக்கும் என்று பயந்து ஆவணத்தைத் திறந்தால், அதற்கென்றே ஓர் இணைப்பு முறை இருந்தது. இந்த நேரத்துக்குப் பிந்தாத, மிக அண்மையில் வந்ததை எடு என்று ஒரு சொல்லில் சொல்லிவிடலாம். பங்குச்சந்தை விலையை உதாரணம் காட்டியிருந்தார்கள். அதை எழுதியவர் பஞ்சாங்கத்தை நினைத்திருக்க மாட்டார். ஆனாலும் பொழுது விடிந்தால்தான் நாள் என்ற எங்கள் வீட்டுக் கணக்கு அந்த ஒரு சொல்லுக்குள் பிசிறில்லாமல் அடங்கியது.

எண்டரைத் தட்டினேன். வருஷக்கணக்கான மழை தன் தன் நாளில் போய் உட்கார்ந்தது. திரையை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சில நாட்கள் மட்டும் பொருந்தவில்லை. அவை நான் ஊரில் இல்லாதபோது தம்பி மனைவி அளந்தவை. அதைப் பற்றி அவளிடம் பேச்செடுக்கவில்லை.

இனி பாவைக் கேட்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் பாவு போட்ட காலைகளை எடுத்து, உதயத்துக்குச் சற்று முந்தைய காற்றை ஒட்டினேன். பாதியில் தூக்கிய நாட்களில் பெரும்பாலும் காற்று கிழக்கிலிருந்து, கடல் பக்கமிருந்து வந்திருக்கிறது. நன்றாகக் காய்ந்த நாட்களில் மேற்கிலிருந்து மெல்ல வீசியிருக்கிறது. முந்தின ராத்திரி மழை பெய்ததா இல்லையா என்பதால் பெரிய வித்தியாசம் இல்லை. நான் ஜன்னலில் நின்று பார்த்த காலைகளுக்குள் இப்படி ஓர் ஒழுங்கு இருந்திருக்கிறது. ஒவ்வொரு நாளையும் எழுதியவள் நான். எனக்கே அது தெரியவில்லை.

தம்பி கேட்டுவிட்டு மோவாயைத் தடவினான். "மேக்கத்திக் காத்துன்னா தப்பாதா?"

"தப்பியிருக்குது. கொஞ்சம்தான், ஆனா தப்பியிருக்குது."

"அந்தக் கொஞ்சத்துல என் பொண்ணு பாவு இருந்தா?"

அதை எஞ்சினாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. அதையும் அவனிடம் சொன்னேன்.

அன்று முதல் விடியற்காலையில் மாடியில் ஓர் ஊதுவத்தியை ஏற்றிப் புகையைப் பார்ப்பது என் வேலையானது. "மழைக்கு ஆரத்தியா அண்ணி?" என்று தம்பி மனைவி கீழேயிருந்து கேட்பாள். நாளுக்கு நாள் புகை மேற்கே சாய்ந்தது, கிழக்குக் காற்று. தம்பி கீழிருந்து முகத்தைத் தூக்கிப் பார்ப்பான், நான் வேண்டாம் என்று தலையாட்டுவேன், அவன் உள்ளே போய்விடுவான். ஐப்பசி முடியப் போகிறது என்று தெரு பேசியது.

பிறகு ஒரு காலை புகை கிழக்கே சாய்ந்தது. நம்பாமல் இன்னொரு வத்தி ஏற்றினேன். அதுவும் கிழக்கே.

தெரு கூடிவிட்டது. ஒரு வீட்டுப் பாவு என்றால் எல்லா வீட்டுக் கையும் வரும். பைக்குகள் நகர்ந்தன, ஆட்டோக்காரர் முனையிலேயே திரும்பிக்கொண்டார், பால்காரர் வண்டியை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போனார். அரக்குப் பாவு இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக நீண்டது. கஞ்சி தெளித்து முடித்த நேரத்தில், கிழக்கே மழை மேகம் கறுத்து ஏறியது.

கஞ்சியை இழையில் தேய்த்துவிடும் தூரிகையோடு தம்பி நின்றுவிட்டான். "அக்கா?"

"காத்து மேக்காலேர்ந்துதான்பா வருது."

"தூக்கறதா, வுடறதா?"

"தப்பின நாளும் உண்டுன்னு சொன்னேனில்ல. நான் எப்படிச் சொல்றது?"

"நீ சொல்லாட்டி உன் மெசின்தான் எறங்கி வந்து சொல்லுமா?"

ஒருவரும் சிரிக்கவில்லை. பாவின் நடுவே இழைகளைத் தாங்கி நின்ற மணப்பெண் சொன்னாள்: "அப்பா, கஞ்சி காயறதுக்குள்ள பேசி முடிங்கப்பா." தெரு சிரித்தது. தம்பி மேகத்தை ஒரு தடவை பார்த்தான், மகளைப் பார்த்தான், தூரிகையை மறுபடி இழையில் ஓட்டினான்.

மேகம் அங்கேயே நின்றது. எங்களை நோக்கி வரவில்லை. அதன் விளிம்பைத் தாண்டி வெயில் வந்ததும் பாவு முழுவதும் ஒரே நேரத்தில் பற்றிக்கொண்டது போல இருந்தது. நடுவில் நின்றவர்களின் கைகளிலும் கன்னங்களிலும் அரக்கு நிறம் விழுந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் நான் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

தம்பி மனைவி ஒரு முனையிலிருந்து புறங்கையை இழைகளின்மேல் வைத்தபடி நடக்கத் தொடங்கினாள். எல்லோரும் அவள் கையையே பார்த்தோம். நடுவில் ஓரிடத்தில் நின்று திரும்ப வைத்துப் பார்த்தாள். பிறகு நடந்து அடுத்த முனைக்குப் போய்ச் சேர்ந்தாள்.

"காஞ்சிடுச்சு" என்றாள். "சுத்துங்க."