அப்பா போடாத கையெழுத்து

மகளின் பிரசவத்துக்காக ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருந்தபோது, பினாயில் வாசனை என்னைப் பிள்ளையார்பாளையத்தில் இருந்த பழைய பிரசவ விடுதிக்கு இழுத்துப் போனது. இன்று அங்கே கல்யாண மண்டபம் நிற்கிறது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அம்மாவுக்கு நாலாவதும் பெண். கருத்தடை ஆபரேஷன் அங்கே இலவசம்தான், ஆனால் புருஷன் கையெழுத்துப் போட வேண்டும். ஆண் பிள்ளை வேண்டுமென்றிருந்த அப்பா எட்டிப் பார்க்கவில்லை. வீட்டுக்குப் போனால் எல்லாம் முடிந்தது என்று அம்மா கட்டிலை விட்டு இறங்க மறுக்க, கம்பி ஜன்னலுக்கு வெளியே விடாமல் கேட்ட தறிச் சத்தத்துக்கு நடுவே, தங்கச்சிமேல் ஈ உட்காராமல் விசிறிக்கொண்டு நானும் ஐந்து நாள் அங்கேயே கிடந்தேன்.

"அவரு வரமாட்டாரு சிஸ்டர். எத்தினி நாளு இப்படியே படுத்துக்கினு இருப்பேன்? நானே கைநாட்டு வெக்கிறேன்."

"புரியுதும்மா. டாக்டர் ஒத்துக்கமாட்டாங்களே," என்றார் நர்ஸ்.

ஆறாம் நாள் அப்பா வந்தார். பேனாவைத் தொடாமல், குழந்தையைத் தூக்கிக்கொண்டு ரிக்‌ஷாவில் ஏறினார். அம்மா பின்னாலேயே போனாள்.

மறு வருஷம் தம்பி பிறந்தான். அப்பா அன்றைக்கே கையெழுத்துப் போட்டார். அம்மா தறிக்குத் திரும்ப வேண்டியிருந்ததால், ஐந்தாம் வகுப்போடு என்னை நிறுத்தி, இரண்டு குழந்தைகளையும் என் இடுப்பில் ஏற்றினார்கள்.