ஊட்டிக்குப் போன எலுமிச்சை

சிங்கவரம் ரோட்டில் நர்சரி வைத்திருக்கும் தேவேந்திரனுக்கு வாய் கொஞ்சம் நீளம். "என் செடி செத்ததா செஞ்சியில ஒருத்தன் சொல்லட்டும்!" என்று பஸ்ஸுக்கு நிற்கிறவர்களிடமெல்லாம் அளப்பார்.

ஊட்டிக்கு வாழ்க்கைப்பட்டுப் போன அக்கா செல்லம்மாளிடம் அந்தப் பேச்சு எடுபடாது. தம்பி கொடுத்த மூன்று எலுமிச்சைக் கன்றுகளும் அங்கே உறைபனியில் கருகிப்போயின. "ஊருக்கெல்லாம் விக்கிற, எனக்கு ஒண்ணு பொழைக்கல பாரு" என்று அக்கா சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். தம்பிக்குச் சுருக்கென்றது. அம்மா போனபிறகு அவரை வளர்த்து ஆளாக்கியவள், முப்பது வருஷத்தில் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

அக்கா தெருமுனைத் தோட்டத்தில் ஒரு முள்செடி உண்டு. மூன்று மூன்றாக இலை விடும் நாரத்தை வகை. பழம் வாயில் வைக்க விளங்காது, ஆனால் எந்தப் பனிக்கும் சாகாது. ஒரு பங்குனியில் அதன் பூக்களைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். செஞ்சி எலுமிச்சைப் பூவில் அந்த மகரந்தத்தைத் தடவி, பழுத்ததும் விதை போட்டார். ஒற்றை இலை விட்டதெல்லாம் அசல் தாய் எலுமிச்சையேதான், பனி தாங்காது என்று பிடுங்கி எறிந்தார். மூன்றிலை விட்டது ஒன்றே ஒன்று. அதுதான் கலப்பு. இரண்டு வருஷம் பொத்திப் பொத்தி வளர்த்து, மடியில் வைத்துக்கொண்டு போய் அக்கா வாசலில் நட்டுவிட்டு வந்தார்.

மார்கழியில் போன் வந்தது. "தம்பி, எல்லா எலையும் கொட்டிப்போச்சுடா. வெறும் குச்சியா நிக்குது."

செஞ்சி வெயிலில் எலுமிச்சை மொத்தமாக இலை கொட்டினால் அது செத்தது என்றுதான் கணக்கு. "புடுங்கிப் போட்டுடுக்கா" என்று போனை வைத்துவிட்டார்.

தை கடைசியில் அக்காவைப் பார்க்கப் போனார். தெருமுனையில் அந்த முள்செடியும் மொட்டையாக நின்றது. இதுவரை அவர் அங்கே போனதெல்லாம் கோடையில்தான்.

"இதுவும் செத்துப்போச்சா?" என்று தோட்டக்காரரிடம் கேட்டார்.

"குளிருக்கு வருஷா வருஷம் கொட்டும்ங்க. வெயில் வந்தா துளிர்க்கும்."

அக்கா வாசலில் நின்ற குச்சியும் இதைப் போலத்தான் என்று தேவேந்திரனுக்கு அப்போதுதான் உறைத்தது. ஐயோ, உயிரோடு இருந்ததையா பிடுங்கச் சொன்னோம்! வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடினார்.

வாசலில் குச்சி நின்றது. அதன்மேல் அக்காவின் பழைய ஸ்வெட்டர் சுற்றியிருந்தது. நகத்தால் பட்டையைச் சுரண்டினார். உள்ளே பச்சை.

"புடுங்கச் சொன்னேனேக்கா?" என்றார்.

"சொன்ன. செத்தாலும் நீ நட்டதாச்சே, எப்டிடா புடுங்குவேன்?" என்றாள் செல்லம்மாள்.