அந்தப் பேனரில் இருப்பது மலர்க்கொடி அக்கா அல்ல

சென்ற மாதம் ஒரு காலையில், வேலைக்குப் போகும் பேருந்தில் கைபேசியைத் திறந்தேன். ஊர் வாட்ஸ்அப் குழுவில் கண்ணீர் அஞ்சலிப் படம் ஒன்று வந்திருந்தது. ரோஜா நிறப் பட்டுப்புடவை, கழுத்து நிறைய நகை, மாவு பூசியது போல் வெளுத்த முகம். யாரோ தெரியாதவர் என்று அடுத்த செய்திக்குப் போய்விட்டேன். இரண்டு நிறுத்தம் தாண்டிய பிறகு, படத்தின் கீழே கண்ணில் பட்ட பெயர் உறைத்தது. திரும்பப் போய்ப் பார்த்தேன். மலர்க்கொடி, வயது முப்பத்துநான்கு.

ஆறு வருடங்களாக நான் படம் எடுத்துப் பழகியது அவருடைய முகத்தைத்தான். அந்த முகத்தை எனக்கே அடையாளம் தெரியாமல் செய்து, அதில்தான் அவருடைய சாவுச் செய்தியை அனுப்பியிருந்தார்கள். பட்டும் நகையும் வேறு யாருடைய உடம்பிலோ இருந்து வெட்டி ஒட்டியவை. தலை மட்டும் அக்காவுடையது. அதுவும் நான் எடுத்த படத்திலிருந்து.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மலர்க்கொடி அக்கா கந்தர்வக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊரில் முந்திரிக்கொட்டை வறுத்து உடைக்கும் கொட்டகையில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். அவருக்குக் காமாலை என்றும், நாட்டு மருந்து சாப்பிடுகிறார் என்றும் எனக்குத் தெரியும். பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோன மூன்றாம் நாள் இறந்துவிட்டார்.

கல்லூரி இரண்டாம் வருடத் தேர்வு விடுமுறையில் நானும் என் அம்மாவுடன் அந்தக் கொட்டகைக்குப் போனேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அங்கே எல்லோரும் என்னை வேடிக்கை பார்த்தார்கள். அக்கா மட்டும் ஒரு கை சாம்பலை அள்ளி என் முன்னால் கொட்டினார்.

"நல்லா பூசிக்க புள்ள. கொட்டை எண்ணெ கையில பட்டா பட்டப்படிப்புன்னு எல்லாம் பாக்காது, தோல உரிச்சுரும்."

அந்த எண்ணெய் அவருக்குப் பதிமூன்று வயதிலேயே பட்டிருந்தது. வறுபடும் கொட்டை வெடித்துத் தெறித்ததில் இடது கன்னத்தில் காதிலிருந்து தாடை வரை ஒரு தழும்பு. சிரித்தால் அது மேலே ஏறி மடியும்.

அந்த வருடம்தான் சிங்கப்பூரிலிருந்து வந்த என் மாமா தன்னுடைய பழைய கேமராவை எனக்குத் தந்துவிட்டுப் போனார். பேசக் கூச்சப்படுகிற எனக்கு, பார்ப்பதற்கு ஒரு காரணம் கிடைத்தது. யாரைப் படம் எடுப்பது? கேட்க வாய் வரவில்லை. கேமராவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அக்காவே கேட்டார்.

"அத என்ன, பொங்கப் பான மாதிரி கட்டிப்புடிச்சுக்கிட்டே இருக்க? புடிக்கிறதுன்னா என்னையப் புடி."

நடுப்பகல் வெயிலில் நிறுத்தி எடுத்தேன். கண்ணும் மூக்கும் தெரியாமல் முகம் கருத்துப் போனது. இன்னொரு படத்தில் நெற்றிக்கு மேல் தலையே இல்லை. திரையில் பார்த்துவிட்டு அக்கா சொன்னார்: "ஆட்டுக்கறி போடுறவன் கூட தலையத் தனியா எடுத்து வப்பான். நீ எங்க வச்ச?"

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சலிக்காமல் உட்கார்ந்தார். முந்திரி மர நிழலில், வெளிச்சம் வரும் வெட்டவெளியைப் பார்த்து அவரை உட்கார வைக்க வேண்டும் என்று கண்டுபிடிக்கவே எனக்கு நாலு மாதம் ஆனது. கேமரா தானாகக் கணக்குப் போட்டுக் காட்டும் வெளிச்சம் அவர் நிறத்துக்குச் சரிவராது என்பதையும், அவர் முகத்தைப் பார்த்து நானே வைக்க வேண்டும் என்பதையும் அப்போதுதான் கற்றேன். "நீ படம் புடிக்கிறியா, குறி பாக்குறியா?" என்று கேலி செய்துகொண்டே அசையாமல் இருப்பார்.

ஒருநாள் உருப்படியாக ஒரு படம் அமைந்தது. அவரைச் சந்தோஷப்படுத்தலாம் என்று, கைபேசியில் ஒரு செயலியில் போட்டுத் தழும்பை அழித்தேன், நிறத்தையும் கொஞ்சம் வெளுப்பாக்கினேன். நீட்டினேன்.

"யாரு இது?"

"நீங்கதான்க்கா."

"நான் எங்க இருக்கேன் இதுல?"

எழுந்து போய்விட்டார். எட்டு நாள் பேசவில்லை. ஒன்பதாம் நாள் அவராகவே வந்து சொன்னார். அதுவரை யாரும் எனக்குச் சொல்லாத கதை அது. அவருக்கு வரன் பார்த்தபோது, ஜாதகத்தோடு அனுப்ப ஸ்டுடியோவில் எடுத்த படத்தில் தழும்பை எடுத்து, முகத்தை வெளுப்பாக்கிக் கொடுத்தார்களாம். மூன்று மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மூன்று வீட்டாரும் கூடத்தில் உட்கார்ந்து, கையிலிருந்த படத்தையும் வந்து நின்ற பெண்ணையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, காப்பியைக் குடிக்காமல் எழுந்து போனார்கள்.

"படத்தப் பாத்து வாராக. மூஞ்சியப் பாத்துட்டுப் போயிடுறாக. பொய் சொன்னது ஸ்டுடியோக்காரன், அவமானப்பட்டது நானு. நீயும் அதையே பண்ணாத. என்னைய நானாப் புடி."

அன்றைக்கு எடுத்த படத்தை அவர் கடைசி வரை தன் வாட்ஸ்அப்பில் வைத்திருந்தார். யார் என்ன சொன்னாலும் மாற்றவில்லை.

அந்தப் படத்தைத்தான் அவருடைய அண்ணன் முருகேசன் ஃப்ளெக்ஸ் கடைக்கு அனுப்பியிருக்கிறார். கடைக்காரர் வழக்கம்போல் தன் வேலையைக் காட்டிவிட்டார். அவர் முகத்தைப் பொய்யாக்கிக் காட்டியது, மாப்பிள்ளை வீட்டாருக்கு மூன்று முறை, நான் செய்ததோடு நான்கு முறை, இறந்த பிறகு இது ஐந்தாவது முறை. அன்று ஊரில் வந்து இறங்கியதும், பேருந்து நிறுத்தத்தில் பத்தடி உயரத்துக்கு நின்ற அந்த வெளுத்த பெண்ணைப் பார்க்கப் பார்க்க எனக்கு உடம்பு எரிந்தது.

ஆண்கள் நிற்கும் இடத்தில் பேசிப் பழக்கமில்லாத நான், முருகேசன் அண்ணனிடம் போனேன்.

"அண்ணே, வீட்டுல மாட்டுற படமாவது அக்கா மாதிரியே இருக்கட்டும். நானே பிரேம் போட்டுத் தாரேன்."

"நாலு பேரு வந்து போற வீடு. லட்சணமா இருக்க வேணாமா? தழும்பப் போயி யாராச்சும் சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டுவாகளா?"

"அது அக்கா மூஞ்சிண்ணே."

"காலேசு படிச்சா இப்படித்தான் எதுத்துப் பேசச் சொல்லுதோ? போம்மா, வேலையப் பாரு."

ஆனாலும் புதுக்கோட்டையில் படத்தைப் பெரிதாக அச்சிட்டு, சட்டம் போட்டு, பதினாறாம் நாள் எடுத்துப் போனேன். கூடத்தில் ஃப்ளெக்ஸ் முகமே மாலையோடு தொங்கியது. சொந்தக்காரர்கள் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "இது அக்கா இல்ல" என்றேன். சத்தமாகத்தான் வந்தது. எல்லோரும் திரும்பினார்கள். முருகேசன் அண்ணன் என்னை நோக்கி வந்தார். அதற்குள் அக்காவின் அம்மா எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இருக்கட்டும்த்தா. உசுரோட இருந்தப்ப கருப்பு கருப்புன்னாக. ஒரு குண்டுமணி நக போட்டுப் பாக்கல எம் மக. செத்த பெறகாவது போட்டுக்கட்டும்."

அவர் என் கையிலிருந்த படத்தை வாங்கினார். தழும்பின் மேல் விரலை வைத்து, காதிலிருந்து தாடை வரை மெல்ல இழுத்தார். பிறகு தன் சேலை ஒன்றில் சுற்றி, உள்ளறைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

"அது ஊருக்கு. இது எனக்கு."

அந்தத் தாயின் மேல் எனக்குக் கோபமில்லை. ஒரு தாய், பெற்ற மகளின் முகத்தைப் பெட்டியில் பூட்டி வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்று ஆக்கிய ஊரின் மேல்தான் கோபம். வெயிலிலும் நெருப்பிலும் உழைக்கச் சொன்னது இந்த ஊர். அந்த வெயிலும் நெருப்பும் முகத்தில் தெரிந்தால் மட்டும் அருவருக்கிறது. அவர் உடைத்த பருப்பில் ஒரு கீறல் இருக்கக் கூடாது என்று கேட்டு வாங்கித் தின்றவர்கள், அவருடைய கன்னத்துக் கீறலைப் பார்க்க மாட்டார்களாம்.

மறுநாள் மறுபடியும் அவர் அம்மாவிடம் போனேன். இந்தக் கட்டுரையோடு அக்காவின் படத்தை அச்சிடலாமா என்று கேட்டேன். "ஊரு பாக்குமா?" என்றார். பார்க்கும் என்றேன். "பாக்கட்டும்" என்று சொல்லிப் பெட்டிச் சாவியை எடுத்தார்.

அச்சகத்தாருக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: இதில் எதையும் திருத்தாதீர்கள்.

இதோ, இந்தப் பக்கத்தில் முந்திரி மர நிழலில் உட்கார்ந்து, சாம்பல் படிந்த கையை முழங்காலில் ஊன்றி, நேராக உங்களைப் பார்க்கிறாரே, இவர்தான் மலர்க்கொடி அக்கா. காப்பியைக் குடிக்காமல் எழுந்து போனவர்களும் ஒருமுறை நன்றாகப் பாருங்கள்.

போய் வாருங்கள் அக்கா. உங்கள் முகத்தோடேயே போய் வாருங்கள்.